தங்கையின் பயோடேட்டாவைப் பதினோரு குழுக்களுக்கு அனுப்பியவள்

1

காலை டியூட்டிக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி தானாக ஒரு படத்தைக் காட்டியது. ‘ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே நாள்’ என்று மேலே பலூன் பறக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலைய வாசல். நடுவில் நான், கழுத்தில் ஜெபமாலை, கையில் பாஸ்போர்ட். எவளாவது பாஸ்போர்ட்டைத் திறந்து, எண் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பாளா? நின்றிருக்கிறேன். ஒரு பக்கம் நைனா, இன்னொரு பக்கம் அம்மா, ஓரத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்மோடு தங்கை ஸ்டெல்லா. அவள் சட்டைப் பையில் பள்ளியின் பெயர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத் தெளிவு. படத்துக்குக் கீழே ஒரு பொத்தான்: ‘இந்த நினைவைப் பகிரலாமா?’

தூ என்று துப்ப வேண்டும் போல இருந்தது. இந்த ஊரில் பஸ் நிறுத்தத்தில் துப்பினால் பக்கத்தில் நிற்கிற கிழவி முறைப்பாள். விழுங்கிக்கொண்டேன்.

என் பெயர் நிர்மலா. நர்ஸ். உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம் போகிற ஒரு காலனியில் பிறந்தவள். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நட்டும் அறுத்தும் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார்கள். நான் ஜெர்மனிக்கு வந்து இன்றோடு ஒன்பது வருஷம். இப்படிப்பட்ட நாளில் எழுதுகிறவர்கள் முதல் பனியைப் பற்றி எழுதுவார்கள், கறிவேப்பிலைக்குப் பட்ட பாட்டை எழுதுவார்கள். எனக்கு அந்த மனநிலை இல்லை. அருவருப்பாக இருக்கிறது. எவனோ ஒரு திருடன் மேல் பாதி, என் மேல் பாதி.

போன மாசம் என் தங்கை கோயில் வாசலில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கல்யாணம் நடக்குமா நின்றுபோகுமா என்று தெரியாமல் குற்றவாளி மாதிரி நின்றாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்தவள் நான். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு குடும்பத்துக்கே விவரம் சொல்லிக் கொடுக்கிற அக்காமார்கள் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2

வந்த முதல் வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு தப்பு செய்தேன். பன்னிரண்டாம் அறைப் பெரியவரைப் பார்க்க ஒரு அம்மாள் பூங்கொத்தோடு வந்தார். வராந்தாவில் என்னைப் பார்த்து, எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நான் நம்மூர் வழக்கப்படி முழுவதும் சொல்லிவிட்டேன். குடலில் ஆபரேஷன், நேற்று காய்ச்சல், இன்னும் வெளிக்குப் போகவில்லை. அரைகுறை ஜெர்மனில் குடல் என்கிற வார்த்தையைச் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

மதியம் தலைமை நர்ஸ் கூப்பிட்டு அனுப்பினார். வந்த அம்மாள் சொந்தம் இல்லையாம், பக்கத்து வீட்டுக்காரராம். “அவருக்கு என்ன உடம்பு என்பது அவருடைய சொத்து. அதை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க உனக்கு யார் அனுமதி தந்தது?” என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை, பழகிய விஷயம். நாலு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று.

நான் வேலை கற்ற ஆஸ்பத்திரியில், “வெள்ளைப்படுதுன்னு வந்தது யாரும்மா?” என்று வாசலில் நின்று கூப்பிடுவோம். வரிசையில் இருக்கிற அத்தனை ஆம்பிளையும் திரும்பிப் பார்ப்பான். ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வருவாள். அப்படிக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. அப்போது அது எனக்கு வேலையாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் காது கூசுகிறது.

என் பையன் ஆல்வினுக்கு எட்டு வயது. வருஷா வருஷம் பள்ளியில் ஒரு படிவம் வரும். குழந்தையின் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டலாமா? பள்ளியின் இணையப் பக்கத்தில் போடலாமா? பெயரோடா, பெயர் இல்லாமலா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம். ஒரு போட்டோவுக்கு இத்தனை பஞ்சாயத்தா என்று ஆரம்பத்தில் சிரித்தேன். போன கிறிஸ்துமஸ் அன்று கோட்டு போட்டு நிற்க வைத்து அவனைப் படம் எடுத்தேன். பையன் கையை நீட்டி மறைத்தான். “மம்மி, அனுப்பினா கேட்டு அனுப்பு. என் மூஞ்சி. என்கிட்ட கேக்கணும்.”

இந்தப் பையன் தாத்தாவோடு போனில் பேசினால் ‘நல்லா இருக்கேன், சாப்ட்டேன், பை’ என்று மூன்று வார்த்தைக்கு மேல் தமிழ் வராது. இது மட்டும் எங்கிருந்து இவ்வளவு தெளிவாக வந்ததோ. பெற்றவளையே அனுமதி கேட்கச் சொல்கிறானே என்று ஆத்திரம் வந்தது. அப்புறம் அடங்கிவிட்டேன். அதற்கும் அப்புறம் அதையே பெருமையாக ஊருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். ‘இங்கல்லாம் புள்ளைங்க போட்டோவ அப்டி கண்டபடி போடக் கூடாது’ என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதே, லிங்க்கைத் தொடாதே, ஆதார் நகல் கொடுத்தால் குறுக்கே கோடு போட்டுக் கொடு. நைனா கேட்டுவிட்டு, “இன்னாமா, போலீஸ் மாரி பேசற” என்றார்.

இத்தனையும் பேசிய வாய் இது. எட்டு வயசுப் பையனிடம் கேட்டுப் படம் போட்டவள், இருபத்தாறு வயசுத் தங்கையிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவள் என் தங்கை, அவ்வளவுதான்.

3

ஸ்டெல்லா உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அவள் பிறந்தநாள் தோறும் நான் ஒரு பதிவு எழுதுவேன். சும்மா ‘வாழ்த்துகள்’ என்று விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை நான். ஏழாவது படிக்கும்போது ஏரிக்கரையில் சைக்கிளிலிருந்து விழுந்து தாடையில் மூன்று தையல் போட்ட கதை, தையல் போடும்போது என் கையைக் கடித்த கதை, அம்மா அவளைச் செல்லமாக ‘புஜ்ஜி’ என்று கூப்பிடுகிற விவரம், அவளுக்குப் பிடித்தது, பிடிக்காதது எல்லாம். தூரத்தில் இருக்கிறவளுக்குப் பாசத்தைக் காட்ட வேறு என்ன வழி இருக்கிறது என்று நினைத்தேன். இருநூறு முந்நூறு பேர் இதயம் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தூங்கினால் நல்ல தூக்கம் வரும்.

மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் அந்தப் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். முன்பெல்லாம் நடையாக நடந்து விசாரிப்பார்கள். இப்போது வாட்ஸ்அப் வரன் குழுக்கள். மறைமாவட்டத்துக்கு ஒன்று, தாலுகாவுக்கு ஒன்று, டீச்சர் நர்ஸ் வேலையில் இருப்பவர்களுக்கு என்று தனியாக ஒன்று. அட்மின் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. உள்ளே முந்நூறு, நானூறு பேர். மாப்பிள்ளை வீடு எது, வேடிக்கை பார்க்கிறவன் எவன் என்று பிரிக்கவே முடியாது.

பயோடேட்டா தயாரித்தேன். முழுப் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், உயரம், நிறம், படித்த பள்ளி, வேலை பார்க்கிற பள்ளி, வீட்டுக்கு வழி. ‘மாதா கெபிக்கு எதிர் சந்து, மூன்றாவது வீடு’ என்றுகூடப் போட்டேன். அதோடு விட்டேனா? நம்ம ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெண் உண்மையிலேயே கத்தோலிக்கப் பெண்தானா என்று நம்புவதற்கு ஞானஸ்நானச் சான்று கேட்பார்கள். பங்குச் சாமியார் கையெழுத்தும் முத்திரையும் உள்ள அந்தத் தாளைப் பார்த்துவிட்டால் அதற்கு மேல் எந்தக் கேள்வியும் இல்லை. எல்லாரும் கேட்கிறார்களே, முதலிலேயே வைத்துவிடுவோம் என்று அந்தச் சான்றையும் படம் பிடித்துச் சேர்த்தேன். பச்சைப் பட்டுப் புடவையில் மூன்று போட்டோ. பதினோரு குழுக்களுக்கு அனுப்பினேன்.

ஸ்டெல்லா அன்று ஒரு வார்த்தை கேட்டாள். “எதுக்குக்கா எல்லாத்தயும் மொத்தமா அனுப்பற? கேக்கறவங்களுக்கு மட்டும் அனுப்பினா போதாதா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு” என்றேன். ஜெர்மனியில் இருக்கிறவளுக்குத்தான் எல்லாம் தெரியும்.

4

பழையசீவரம் பக்கத்திலிருந்து ஒரு வரன் பொருந்தியது. வின்சென்ட் என்று பெயர், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. பையனுக்கு இவளைப் பிடித்தது. இவளுக்கும் பிடித்திருந்தது. நாலு மாசம் பேசிப் பழகினார்கள். நிச்சயம் நடந்தது. நிச்சயத்துப் படங்களை யார் போட்டது என்று கேட்காதீர்கள்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று பூசையில் அறிவிப்பது. எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் யாரும் தடை சொன்னதில்லை. இருந்தாலும் அந்த வரியை வாசிக்கும்போது பெண்ணைப் பெற்றவர்கள் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது.

இரண்டாவது ஞாயிறு எனக்கு லீவு. அன்று வின்சென்ட் வீட்டாரும் கல்யாணப் பேச்சுக்காக எங்கள் கோயில் பூசைக்கே வந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் அம்மா வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டால் முதல் ஐந்து நிமிஷம் வானமும் தென்னை மட்டையும்தான் தெரியும். அன்றும் அப்படித்தான். ஆனால் சத்தம் சரியில்லை. “யம்மா, இன்னாமா அங்க?” என்று கத்தினேன். போன் திரும்பியது. கோயில் படிக்கட்டு. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். ஃபாதர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு பேசுகிறான். வந்தவாசியிலிருந்து வந்தவனாம்.

“எட்டு மாசமா எங்கூட பேசிக்கினு கீறா சாமி. என்னத்தான் கட்டிக்குவேன்னு சொன்னா. இப்ப இன்னொருத்தனுக்கு ஓல வாசிக்கறீங்க. இன்னா நாயம் இது?”

ஸ்டெல்லா படியில் நின்றாள். “யாருங்க நீங்க? உங்கள நான் பாத்ததே இல்ல.”

“பாக்கலதான். போன்லதான பேசின. தொண்டையில ஆபரேசன், குரல் வராது, மெசேஜ்லயே பேசலாம்னு சொன்னவ நீதான?” என்று தன் போனை எடுத்து நீட்டினான். “இது யாரு? இந்தப் பச்சப் பொடவ யாருது? இந்த ஞானஸ்நான சர்ட்டிபிகேட் யாருது?”

கூட்டம் போனைச் சுற்றி அடைந்தது. ஸ்டெல்லா பெயரில் ஒரு பக்கம், ஸ்டெல்லா படம், ஸ்டெல்லா பிறந்த தேதி. வின்சென்ட்டின் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

“போட்டோ யாரு வேணா எடுத்து வெக்கலாம்பா” என்றார் ஃபாதர்.

“போட்டோ எடுக்கலாம் சாமி. இத எவன் எடுப்பான்? அவ தாடைக்கிக் கீய தையல் போட்ட தயும்பு கீது. ஏயாவது படிக்கச்சொல்ல ஏரிக்கரையில சைக்கிள்ல இருந்து வுயுந்தா. தையல் போடச்சொல்ல அக்கா கைய கடிச்சிட்டா. அவுங்கம்மா அவள புஜ்ஜின்னு கூப்புடுவாங்க. இல்லன்னு சொல்லச் சொல்லுங்க!”

அத்தனை தலையும் ஸ்டெல்லாவின் தாடைப் பக்கம் திரும்பியது. அவள் தன்னை அறியாமல் கையால் மறைத்தாள். மறைத்ததைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.

அவன் சொன்னது என் வாக்கியம். ‘அக்கா கையைக் கடித்துவிட்டாள்’ என்பதை இரண்டு வருஷத்துக்கு முன் என் சமையலறையில் உட்கார்ந்து நான் எழுதினேன். முந்நூறு இதயம் வாங்கியது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, அந்தக் கூட்டத்துக்கே இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறந்து, ‘அது நான் எழுதிய பதிவு, என் பக்கத்தில் இருக்கிறது, எல்லாரும் எடுத்துப் பாருங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊருக்கே பாடம் எடுத்த நான்தான் இதைப் போட்டவள் என்று தெரிந்தால் மானம் போய்விடுமே என்று பார்த்தேன். எவ்வளவு கேவலம் பாருங்கள். தங்கையின் வாழ்க்கை ஆடிக்கொண்டிருக்கிறது, நான் என் மானத்தைப் பார்த்தேன்.

5

ஃபாதர் எல்லாரையும் பங்கு ஹாலுக்குள் உட்கார வைத்தார். எங்கள் பக்கம் நைனா, அம்மா, அம்மா கையில் இருந்த போனில் நான். அவர்கள் பக்கம் வின்சென்ட், அவன் அம்மா, சொந்தக்காரர்கள் ஏழு பேர். வந்தவாசிக்காரன் தனியாக ஒரு பெஞ்சில்.

முதலில் எண்ணைப் பார்த்தார்கள். அவன் எட்டு மாசம் பேசிய எண் வேறு, ஸ்டெல்லாவின் எண் வேறு. அந்த எண்ணைக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நிச்சயத்துப் படத்தை ஏதோ குழுவில் பார்த்துவிட்டு அவன் கேள்வி கேட்ட அன்றே அணைந்துவிட்டதாம். அந்த ஆளுக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. முகம் செத்துப்போயிற்று. அவனிடமிருந்து பணமும் போயிருக்கிறது. எவ்வளவு என்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இதோடு முடிந்திருக்க வேண்டும். வின்சென்ட்டின் அம்மா விடவில்லை. “நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கலமா. நாளைக்கி நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அந்த போன ஒரு தபா பாத்துட்டா மனசு ஆறிடும்.”

“எந்த போன?” என்றாள் ஸ்டெல்லா.

“உன் போனத்தான்.”

“எதுக்கு? அதான் நம்பரே வேறன்னு தெரிஞ்சிடுச்சே.”

வின்சென்ட் மெதுவாகச் சொன்னான். “குடுத்துடு ஸ்டெல்லா. ஒண்ணும் இல்லன்னா பயம் இன்னாத்துக்கு?”

அவள் அவனைப் பார்த்தாள். அப்புறம் அம்மா கையில் இருந்த போனைப் பார்த்தாள். அதாவது என்னை. கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவள் எதற்காகப் பார்க்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நான் சொன்னேன்: “குடுத்துடு ஸ்டெல்லா. மறைக்க இன்னா கீது நம்மகிட்ட?”

நோயாளியின் பெயரை வராந்தாவில் சொல்லாதவள், பையன் படத்துக்குப் படிவம் நிரப்புகிறவள், சொன்னேன்.

அவள் பூட்டைத் திறந்து கொடுத்தாள். போன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒவ்வொருவரும் விரலை எச்சிலில் தொட்டுக்கொள்ளாத குறையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். சிநேகிதிக்கு அனுப்பிய செய்தி, டாக்டருக்கு அனுப்பிய ரிப்போர்ட், மாதவிலக்கு வயிற்றுவலிக்கு என்ன மாத்திரை என்று என்னிடம் கேட்டது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் சில வரிகளைச் சத்தமாகவே வாசித்தார். வின்சென்ட்டின் அம்மாவைப் பற்றி எனக்கு அவள் எப்போதோ அனுப்பியது ஒன்று: ‘அந்தம்மா சிரிச்சா பயமா கீதுக்கா.’ ஹால் கொல்லென்று சிரித்தது. அந்தம்மாவும் சிரித்தார். “சின்னப் பொண்ணுதான, வுடுங்க” என்றார்.

அரை மணி நேரம். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு பெண்ணின் போனை இப்படி ஒருவர் தொட்டிருந்தால் நான் இங்கிருந்தே கிழித்திருப்பேன். கருமம், நானே எடுத்துக் கொடுத்தேன்.

கடைசியில் அந்தப் பெரியவர், “தங்கமான பொண்ணுப்பா, ஒரு கசமுசாவும் இல்ல” என்று தீர்ப்புச் சொன்னார். வின்சென்ட் போனை வாங்கி ஸ்டெல்லாவிடம் நீட்டினான். “இனிமே பாஸ்வேர்ட மட்டும் எங்கிட்ட குடுத்து வெச்சிடு. அப்பால எந்தப் பேஜாரும் இல்ல.” அவன் கெட்டவன் இல்லை. உதவி செய்கிறதாகத்தான் நினைத்தான். அதுதான் இன்னும் குமட்டுகிறது.

எல்லாரும் காபி குடிக்க எழுந்தார்கள். வந்தவாசிக்காரனிடம் ஒருவரும் போகவில்லை. ஸ்டெல்லாதான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தாள். “உங்களயும்தான் ஏமாத்திக்கிறாங்க, போயி கம்ப்ளெய்ன்ட் குடுங்க” என்றாள். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

7

அந்த வாரமே போலீஸில் புகார் கொடுக்கப் போனார்கள். புகாரோடு அவளுடைய ஆதார் நகல் இரண்டு, படம் நாலு கேட்டார்களாம். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வரிசை. கடைக்காரர் தப்பாக விழுந்த நகலைக் கசக்கி மேஜைக்குக் கீழே போட்டார். அந்தக் குவியலில் இன்னும் எத்தனை பேருடைய முகமோ. ஸ்டெல்லா குனிந்து தன்னுடையதைத் தேடி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாளாம். நைனா சொன்னார்.

நான் இங்கிருந்து, அந்தப் போலிப் பக்கம் இருக்கிற வலைத்தளத்துக்கு முறையிட்டேன். இது போலி, என் தங்கையின் படம் என்று. இரண்டு நாள் கழித்து ஒரு பதில். ‘பரிசீலித்தோம். இந்தப் பக்கம் எங்கள் விதிகளை மீறவில்லை.’ மறுபடியும் முறையிட்டேன். சம்பந்தப்பட்டவரே தன் அரசு அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். ஸ்டெல்லாவிடம் சொன்னேன். “எவனோ எம் மூஞ்சிய வெச்சிக்கினு கீறான். அவனுக்கு ஒரு கார்டும் கேக்கல. எம் மூஞ்சி என்னுதுன்னு காட்ட நான் கார்டு குடுக்கணுமா?” என்றாள். அந்தப் பக்கம் இந்த வரியை எழுதுகிறபோதும் இருக்கிறது. நேற்றுப் பார்த்தேன். புதிதாக இரண்டு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை சாயந்திரம், மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், அவள் தனியாகக் கோயிலுக்குப் போனாள். ஃபாதர் பின்னால் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாராம்.

“ஃபாதர், நாளைக்கி ஓல வாசிக்காதீங்க.”

“ஏம்மா? அதான் எல்லாம் சரியாப் போச்சே?”

“தட இருந்தா வந்து சொல்லுங்கன்னு ரெண்டு வாரமா சொல்றீங்க இல்ல? எனக்குத் தட கீது. என்ன நம்பறதுக்கு ஒம்போது பேரு என் போன நோண்ட வேண்டியதாப் போச்சு. அந்த வூட்ல என்னால குடித்தனம் பண்ண முடியாது.”

ஃபாதர் குழாயை மூடிவிட்டு வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். பத்திரிகை அடித்தாகிவிட்டது, அப்பா அம்மாவை நினைத்துப் பார், பையன் நல்ல பையன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வாசிக்காதீங்க ஃபாதர்” என்று மறுபடியும் சொன்னாளாம். அவர் வாசிக்கவில்லை.

அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. பழையசீவரத்திலிருந்து போனில் வந்த பேச்சை இங்கே எழுத முடியாது. ‘அப்பவே எங்களுக்கு சந்தேகந்தான்’ என்று ஆரம்பித்தார்களாம். தங்கமான பொண்ணு ஒரே வாரத்தில் பித்தளை ஆகிவிட்டாள். நைனா மட்டும், “வுடு, எம் பொண்ணு எங்கூடவே இருக்கட்டும்” என்றார்.

8

மூன்றாவது ஓலை வாசிக்காத ஞாயிற்றுக்கு அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை வீடியோ இல்லை. அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

“ஸ்டெல்லா, அந்தத் தழும்பு கதை…”

“தெரியும்க்கா” என்றாள்.

“இன்னா தெரியும்?”

“நீதான் போட்ட. அந்த ஆளு சொல்லச்சொல்லவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. நானே படிச்சிருக்கன் இல்ல? ஹால்ல உன்ன அதுக்குத்தான் பாத்தன். நீ சொல்லுவன்னு பாத்தன். நீ போன குடுத்துடுன்ன.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. “நீயே சொல்லியிருக்கலாமேடி” என்றேன். சொல்லும்போதே அதுவும் தப்பு என்று தெரிந்தது.

“நான் சொன்னா நான் தப்பிக்கறதுக்கு அக்காமேல பழிய போடறேன்னு ஆவும். உன் வாயால வரட்டும்னு இருந்தன்.” பிறகு, “எல்லாத்தயும் எடுத்துடுக்கா. ஒண்ணு வுடாம. அப்பால பேசலாம்” என்று வைத்துவிட்டாள்.

எடுத்தேன். ஒன்பது வருஷத்துப் பிறந்தநாள், பொங்கல், நிச்சயம். ஒவ்வொன்றாக அழித்தேன். ஆல்வின் பள்ளியிலிருந்து வந்து பார்த்தான். என்ன செய்கிறாய் என்று ஜெர்மனில் கேட்டான். சித்தி படங்களை எடுக்கிறேன் என்றேன். “அவங்க எடுக்கச் சொன்னாங்களா, இல்ல நீயாவா?” என்று கேட்டான். சொன்னாள் என்றேன். சரி என்று பிரட் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பதினோரு குழுக்களிலும் பயோடேட்டாவை அழிக்கச் சொல்லிக் கேட்டேன். ஏழு குழுக்களில் பதிலே இல்லை. ஒரு குழுவில் யாரோ ஒருவர், ‘வரன் இன்னும் இருக்கா?’ என்று கேட்டிருந்தார்.

மேலே இருப்பதை எல்லாம் எழுதி முடித்து இரண்டு வாரம் ஆகிறது. முடித்ததும் அவளுக்கு அனுப்பினேன். ‘இதைப் போடலாமா?’ என்று கேட்டு. அவளிடம் இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை. போடாதே என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். ஐந்து நாள் பதில் இல்லை. ஆறாம் நாள் வந்தது:

‘என் பேர மாத்து. உன் பேரயும் மாத்து. அந்த ஆளோட ஊர மாத்து, பாவம் அவரு. மத்தது இருக்கட்டும், நாலு பேரு படிக்கட்டும். ஆறாவது பகுதி மட்டும் மொத்தமா எடுத்துடு.’

அவள் சொன்னபடியே மாற்றிவிட்டேன், எடுத்தும் விட்டேன். ஹாலிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அன்று நடந்தது அந்தப் பகுதியில் இருந்தது. நான் எழுதியதிலேயே நன்றாக வந்த பகுதி அதுதான். என்ன எழுதியிருந்தாய் என்று யாரும் எனக்கு எழுதிக் கேட்க வேண்டாம். அது அவளுடையது.